ஜப்பானிய இலக்கியம் பயில எந்தக் கல்லூரி?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி

முன்னுரை

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்க நெருங்க, வீட்டிலும் வெளியிலும் நம்மைப் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?” மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று விடை சொல்பவர்களுக்கு வழிகாட்டப் பலர் இருக்கின்றனர். “ஜப்பானிய மொழியும் இலக்கியமும் படிக்கப் போகிறேன்” என்று சொன்னாலோ, கேட்டவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதற்கு எங்கே கல்லூரி இருக்கிறது?” என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடி ஓராண்டாக நான் சேர்த்துவைத்த செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன். வேறு அயல்மொழி ஒன்றைப் பயில விரும்பும் தோழியர்க்கும் இவற்றுட் பல பயன்படும் என்று நம்புகிறேன்.

கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்காமல், அங்கே கடைசி ஆண்டில் மாணவி எந்த நூலை, எந்த மொழியில் படிக்கிறாள் என்பதைப் பார்த்தே கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் சொல்ல வந்த கருத்து இதுவே.

ஏன் ஜப்பானிய இலக்கியம்?

ஜப்பானிய இலக்கியத்தின் மணிமுடியாகப் போற்றப்படுவது “கெஞ்சி” என்னும் பெருங்கதை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசவையில் பணிபுரிந்த முரசாகி ஷிகிபு என்னும் பெண் இதனை எழுதினார். இதில் 54 அத்தியாயங்கள் உள்ளன. உலகின் முதல் புதினம் இதுவே என்று பலர் கருதுகின்றனர். அக்காலத்தில் ஆண்கள் சீன மொழியில் எழுதுவதையே கல்வியின் அடையாளமாக எண்ணினர். பெண்களோ தாங்கள் பேசிய ஜப்பானிய மொழியிலேயே, ‘கானா’ என்னும் எளிய எழுத்துகளால் எழுதினர். அந்த எளிய எழுத்தில் பிறந்த நூலே இன்று உலகம் முழுவதும் படிக்கப்படுகிறது. பெண்கள் பள்ளியில் பயிலும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதில் வியப்பில்லை.

பின்னாளில் தோன்றிய பாஷோவின் ஹைக்கூவை நாம் தமிழில் பழகியிருக்கிறோம். 1968இல் கவபத்தா யசுனாரியும் 1994இல் ஓஎ கென்சாபுரோவும் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் ஜப்பானிய நூல்கள் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேருகின்றன. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்திற்கு மாற்றிய பாலை மீண்டும் மாற்றுவது போன்றது அது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிந்திவிடும்.

எதிர்த்திசையில் நடந்திருப்பதைப் பாருங்கள். டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தகஹாஷி தகனோபு தமிழைக் கற்று, திருக்குறளை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். அந்நூல் 1999இல் வெளிவந்தது. அதே பல்கலைக்கழகத்தின் கராஷிமா நொபோரு (1933–2015) சோழர் காலக் கல்வெட்டுகளை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். 2013இல் நம் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர்கள் நம் மொழியை இத்தனை ஆழமாகக் கற்றிருக்க, அவர்களுடைய முரசாகியை மூல மொழியிலேயே படித்துத் தமிழில் தர நம்மிடையே எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்த வேலைக்குத் தகுதியாக்கும் கல்லூரி எது என்பதே என் தேடல்.

நமக்கு எளிதானதும் கடினமானதும்

கல்லூரியைப் பற்றிப் பேசுமுன், படிக்கப் போகும் மொழியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். தமிழ் மாணவிக்கு ஜப்பானிய வாக்கிய அமைப்பு அச்சம் தராது. “நான் தண்ணீரைக் குடிக்கிறேன்” என்பதை அவர்கள் “வதாஷி வா மிஸு ஓ நோமிமாஸ்” என்பார்கள். வதாஷி என்றால் நான். மிஸு என்றால் தண்ணீர். ‘ஓ’ என்பது நம் ‘ஐ’ உருபின் வேலையைச் செய்கிறது. வினைச்சொல் நம் மொழியைப் போலவே இறுதியில் வருகிறது. “டோக்கியோ நி இகிமாஸ்” என்றால் “டோக்கியோவுக்குப் போகிறேன்”. இறுதியில் ‘கா’ சேர்த்து “இகிமாஸ் கா?” என்றால் “போகிறீர்களா?” என்று பொருள். நாம் ‘ஆ’ சேர்ப்பது போலத்தான்.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானியத்தில் கொரே, சொரே, அரே, தொரே என்று நான்கு சொற்கள் உண்டு. பேசுபவரின் அருகில் இருப்பது கொரே, கேட்பவரின் அருகில் இருப்பது சொரே, இருவருக்கும் தொலைவில் இருப்பது அரே. வினாவுக்குத் தொரே. நம் இலக்கணத்தில் வரும் இது, உது, அது, எது என்னும் வரிசை நினைவுக்கு வருகிறதல்லவா? நாம் மறந்துவிட்ட ‘உது’ யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் பேச்சில் வழங்குகிறது.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு, டோக்கியோவிலுள்ள ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓனோ சுசுமு (1919–2008), தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும் உறவு உண்டு என்று 1980ஆம் ஆண்டையொட்டி எழுதத் தொடங்கினார். ஆனால் மொழியியல் அறிஞர்களுள் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமற் போகட்டும். அமைப்பு ஒத்திருப்பதால் கற்பது எளிதாகிறது என்பது மட்டும் உண்மை.

இனிக் கடினமானதைப் பார்ப்போம். ஹிராகானா, கதகானா என்னும் இரு எழுத்து வரிசைகளிலும் அடிப்படை எழுத்துகள் 46 வீதம் உள்ளன. இவற்றைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். அதன்பின் வருவது சீனத்திலிருந்து வந்த ‘கன்ஜி’. (நாம் குடிக்கும் கஞ்சியன்று!) ஜப்பானிய அரசு 2010இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2136 கன்ஜிகள் உள்ளன. ஜப்பானியக் குழந்தைகளே ஆறாண்டுத் தொடக்கப் பள்ளியில் 1026 கன்ஜிகளைத்தான் கற்கிறார்கள். நாள்தோறும் 2 வீதம் தவறாமல் கற்றாலும் முழுப் பட்டியலையும் முடிக்க ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகும். ஒரு பட்டப்படிப்பின் காலமும் அதுதானே! ஆகவே முதல் நாளிலிருந்தே முறையாகக் கற்பிக்காத கல்லூரியில் சேர்ந்தால், இலக்கியத்தின் வாசற்படியிலேயே நின்றுவிட நேரும்.

இதற்கும் அப்பால் பழைய ஜப்பானியம் இருக்கிறது. “கெஞ்சி”யை இக்கால ஜப்பானியர்களும் எளிதில் படித்துவிட முடியாது. யொசானோ அகிகோ (1878–1942) என்ற பெண் கவிஞர் 1912–13இல் அதனைத் தற்கால ஜப்பானிய மொழியில் எழுதித் தந்தார். சங்கப் பாடலுக்கு நமக்கு உரை வேண்டியிருப்பது போல எனலாம்.

மூன்று வகைப் படிப்புகள்

“ஜப்பானியம் கற்பிக்கிறோம்” என்று சொல்லும் இடங்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மொழிப்பயிற்சி வகுப்பு. மாலை நேரத்திலோ வார இறுதியிலோ நடைபெறும். சென்னையிலுள்ள ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் இத்தகைய வகுப்புகளை நடத்துகிறது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வும் சென்னையில் எழுதலாம். அத்தேர்வில் என்–5 முதல் என்–1 வரை ஐந்து நிலைகள் உண்டு. என்–5 எளியது, என்–1 கடினமானது. ஜூலையிலும் டிசம்பரிலும் நடைபெறும் இத்தேர்வில் படித்தறிதல், கேட்டறிதல், சொல், இலக்கணம் ஆகியவையே சோதிக்கப்படுகின்றன. பேச்சும் கட்டுரை எழுதுதலும் இல்லை. இலக்கியமும் இல்லை. தொழிற்சாலையிலோ கணினி நிறுவனத்திலோ மொழிபெயர்ப்பாளர் ஆக விரும்புபவர்க்கு வேறு பட்டத்துடன் இந்த வகுப்பே போதுமானதாக இருக்கலாம். அதை இலக்கியப் படிப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது, பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக மட்டும் ஜப்பானியம் இருப்பது. வாரத்திற்குச் சில மணி நேரமே கிடைக்கும். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வெளியூரில் இத்தகைய படிப்பில் சேர்ந்தார். விளம்பரத் தாளில் ‘மொழியும் பண்பாடும்’ என்று அச்சிட்டிருந்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர் கற்றதோ வணிகக் கடிதம் எழுதுவதும் தொலைபேசியில் பணிவாகப் பேசுவதும்தான். ஒரு சிறுகதையைக்கூட மூலத்தில் படிக்கவில்லை. அவருக்கு இன்று நல்ல வேலை இருக்கிறது. ஆனால் அவர் தேடிப் போனது அதுவன்று.

மூன்றாவதே முழுமையான இளங்கலைப் பட்டம். மொழி, இலக்கியம், வரலாறு மூன்றும் சேர்ந்திருப்பது.

இந்தியாவில்

நம் நாட்டில் இத்தகைய பட்டம் தரும் இடங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. புது தில்லியிலுள்ள ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் இளங்கலைச் சிறப்புப் பட்டமும், தொடர்ந்து முதுகலையும் ஆய்வும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், ஜப்பானியம் முன்பே அறிந்திராவிட்டாலும் இளங்கலையில் சேரலாம். 2022 முதல் இளங்கலைச் சேர்க்கை பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் மூலம் நடைபெறுகிறது.

அடுத்தது, வங்காளத்தில் சாந்திநிகேதனத்திலுள்ள விஸ்வபாரதி. மகாகவி தாகூர் 1916இல் ஜப்பானுக்குச் சென்றவர். ஜப்பானிய அறிஞர் ஒகாகுராவின் நண்பர். அந்த நட்பின் தொடர்ச்சி போல அங்கே ‘நிப்பான் பவன்’ என்னும் தனி இல்லமே ஜப்பானியத் துறைக்கென 1994இல் திறக்கப்பட்டது. இளங்கலைச் சிறப்புப் பட்டம் இங்கும் உண்டு.

புனேயிலுள்ள திலக் மகாராஷ்டிர வித்யாபீடத்திலும் ஜப்பானியப் பட்டப்படிப்பு உண்டு. ஐதராபாத்திலுள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகமும் ஜப்பானியம் கற்பிக்கிறது. தூரத்தைப் பார்த்தால் நமக்கு ஐதராபாத்தே அருகில். தில்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசியத் துறை புகழ் பெற்றதாயினும், அதன் முதன்மைப் படிப்புகள் பட்டம் பெற்றபின் சேர்பவர்களுக்கானவை. பள்ளியிலிருந்து நேராக அங்கே போக நினைப்பவர்கள் இதனை முன்பே அறிந்துகொள்வது நல்லது.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் தனியார் கல்லூரிகளை விடக் குறைவு. நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்கு இது சிறிய செய்தியன்று.

ஜப்பானில்

“ஜப்பானியம் படிக்க ஜப்பானுக்கே போனால் என்ன?” என்று தோன்றும். இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். அங்குள்ள ஜப்பானிய இலக்கியத் துறைகள் ஜப்பானிய மாணவர்களுக்காக அமைந்தவை. அவர்கள் பழைய ஜப்பானியத்தை உயர்நிலைப் பள்ளியிலேயே படித்துவிட்டு வருபவர்கள். தமிழ் அறியாத ஒருவர் நேராக நம் ஊர்த் தமிழ் இலக்கிய வகுப்பில் வந்து அமர்ந்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான் நம் நிலையும் ஆகும்.

நம் பள்ளி நூலகத்தில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் வரலாற்றைப் படித்திருப்பீர்கள். நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பணியாற்றிய அவர்தாம், 1549இல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அவருடைய இயேசு சபையார் 1913இல் டோக்கியோவில் சோஃபியா பல்கலைக்கழகத்தைத் தொடங்கினர். அங்கே ஜப்பானிய மொழியிலேயே நடைபெறும் இலக்கியத் துறையும் உண்டு. ஆங்கிலத்தில் கற்பிக்கும் வேறொரு பிரிவும் உண்டு. ஒரே பல்கலைக்கழகத்திற்குள்ளேயே இரண்டும் வெவ்வேறு படிப்புகள் என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலப் பிரிவில் சேர எளிது. ஆனால் அங்கே மொழிபெயர்ப்புகளைப் பெரிதும் சார்ந்திருக்க வேண்டியிருக்கும். டோக்கியோவிலுள்ள பெண்களுக்கான திரு இருதயப் பல்கலைக்கழகத்திலும் ஜப்பானிய இலக்கியத் துறை உள்ளது. ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் உயர் ஆணையராக 1991 முதல் 2000 வரை பணியாற்றிய ஒகாதா சதாகோ அங்குப் பயின்றவரே.

பணத்திற்கு என்ன செய்வது? ஜப்பானிய அரசின் கல்வித்துறை இளங்கலை மாணவர்களுக்கு உதவித்தொகை அளிக்கிறது. கல்விக் கட்டணம், மாத உதவி, விமானப் பயணச் செலவு ஆகியவை அதில் அடங்கும். பொதுவாக 5 ஆண்டுகள். முதல் ஆண்டு முழுவதும் மொழிப்பயிற்சி. தேர்ந்தெடுக்கப்படுவோர் மிகச் சிலரே. இலக்கியம் முதலிய பாடங்களுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் ஜப்பானியம், ஆங்கிலம் ஆகியவற்றோடு கணிதத்திலும் தேர்வு உண்டு!

இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானியத்தை முதன்மைப் பாடமாகப் படிப்பவர்களுக்கு, படிப்பின் இடையில் ஏறக்குறைய ஓராண்டு ஜப்பானில் சென்று பயில அதே அரசு தனி உதவித்தொகை தருகிறது. பயிற்சி வகுப்பில் படிப்பவர்களுக்கு இது கிடையாது. பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள பெரிய நன்மைகளுள் இதுவும் ஒன்று.

ஜப்பானுக்குப் போகாவிட்டால் எதுவும் ஆகாது என்றும் எண்ண வேண்டாம். “கெஞ்சி”யை ஆங்கிலத்தில் 1925 முதல் 1933 வரை ஆறு பாகங்களாகத் தந்த ஆர்தர் வேலி, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோது தாமே முயன்று ஜப்பானியம் கற்றவர். அவர் ஒருமுறைகூட ஜப்பானுக்குச் சென்றதில்லை.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவை

விண்ணப்பம் வாங்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

1. ஜப்பானியம் முதன்மைப் பாடமா, பல பாடங்களுள் ஒன்றா? பட்டச் சான்றிதழில் எப்படி எழுதப்படும்?

2. முதல் ஆண்டில் வாரத்திற்கு எத்தனை மணி நேரம் மொழி வகுப்பு?

3. கடைசி ஆண்டில் படிக்கும் நூல்கள் எவை? மூலத்திலா, ஆங்கிலத்திலா? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாலே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

4. பழைய ஜப்பானிய இலக்கணம் கற்பிக்கப்படுகிறதா? இளங்கலையில் இல்லையெனில் முதுகலையிலாவது உண்டா?

5. நூலகத்தில் ஜப்பானிய நூல்கள் உள்ளனவா? மாணவிகள் அவற்றை எடுத்துச் செல்ல முடியுமா?

6. ஜப்பானுக்கு மாணவர்களை அனுப்பும் ஏற்பாடு உண்டா? கடந்த ஆண்டுகளில் உண்மையாகவே யாரேனும் சென்றார்களா?

7. பெண்களுக்கு விடுதி உண்டா? முதலாண்டு மாணவிகளுக்கு இடம் கிடைக்குமா?

கல்லூரி அலுவலகத்தை விட, அங்கே இறுதியாண்டு பயிலும் ஓர் அக்காவைக் கேட்பது மேல். அவர் கையிலுள்ள பாடநூலைப் பார்த்தாலே உண்மை விளங்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இப்போதே செய்ய வேண்டியவை

கல்லூரி இன்னும் இரண்டு ஆண்டுகள் தள்ளியிருந்தாலும், ஒரு முடிவை இந்த ஆண்டே எடுத்தாக வேண்டும். பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதே அது. “மொழிதானே படிக்கப் போகிறேன், கணக்கு எதற்கு?” என்று கணிதத்தை விட்டுவிட்டால், ஜப்பானிய அரசின் உதவித்தொகைத் தேர்வில் நம் கையை நாமே கட்டிக்கொண்டது போலாகும். எனவே கணிதம் உள்ள பிரிவைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. கணிதத்தில் நான் முதல் மாணவி அல்லள். ஆயினும் அதனை விடப் போவதில்லை என்று முடிவு செய்துள்ளேன்.

இரண்டாவதாக, விடுமுறையில் இரு எழுத்து வரிசைகளையும் கற்று, பன்னிரண்டாம் வகுப்பிற்குள் என்–5 தேர்வை எழுதிப் பார்க்கலாம். இந்த மொழி நமக்குப் பிடிக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். பிடிக்கவில்லையெனில், மூன்றாண்டுக் கட்டணமும் காலமும் மிச்சம்.

மூன்றாவதாக, ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நம் தேர்வு முடிவுகள் வருமுன்னரே அங்கே வகுப்புகள் தொடங்கிவிடும். ஆகவே இடையில் ஓராண்டு காத்திருக்க நேரலாம். இதை வீட்டில் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

வீட்டில் கேட்கும் கேள்விகள்

“வேலை கிடைக்குமா? அவ்வளவு தூரம் பெண்ணைத் தனியே எப்படி அனுப்புவது?” என் தந்தையும் தாயும் கேட்டவை இவ்விரண்டே. இவை நம்மைத் தடுக்கும் கேள்விகள் என்று சினம் கொள்ளலாகாது. நம்மீதுள்ள அன்பினாலேயே கேட்கிறார்கள். நன்றாகப் படித்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி, ஜப்பானிய நிறுவனங்களில் வேலை ஆகியவை உண்டு. ஆனால் இலக்கிய மொழிபெயர்ப்பு மட்டும் சோறு போடும் என்று சொல்வது உண்மையாகாது. அதனால் பகலில் ஒரு பணியும் இரவில் முரசாகியுமாக வாழ வேண்டியிருக்கலாம் என்று நான் வீட்டில் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். “அப்படியானால் சரி, யோசித்துத்தான் பேசுகிறாய்” என்றார் அப்பா. அம்மா இன்னும் விடுதியைப் பற்றிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

என் வரிசை இதுதான். முதலில் உதவித்தொகைத் தேர்வு. அது கைகூடாவிடில் தில்லி அல்லது சாந்திநிகேதன். அங்கிருந்து இடையில் ஓராண்டு ஜப்பான். உங்கள் வரிசை வேறாக இருக்கலாம். வீட்டின் நிலையும் விருப்பமும் ஒவ்வொருவர்க்கும் வேறல்லவா?

முடிவுரை

தோழியரே! கல்லூரி என்பது அழகிய கட்டடமோ, செய்தித்தாளில் வரும் தரவரிசையோ அன்று. மூன்று ஆண்டுகள் கழிந்தபின் நம் கையில் எந்த நூல் இருக்கும், அதனை நாமே படிக்க முடியுமா என்பதே அதன் அளவுகோல். ஜப்பானியத்திற்குச் சொன்னது பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் வடமொழிக்கும் பொருந்தும். ஏன், தமிழ் இலக்கியம் பயில விரும்பும் தோழிக்கும் பொருந்தும். கேட்க வேண்டியதைக் கேட்டு, பெற்றோரிடமும் ஆசிரியைகளிடமும் மனம் திறந்து பேசி, நமக்குரிய இடத்தைத் தேர்ந்தெடுப்போம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் எளிய எழுத்தில் எழுதிவைத்த கதை, என்றாவது ஒருநாள் ஒரு தமிழ்ப் பெண்ணின் கையால் நேராகத் தமிழுக்கு வரட்டும். அவள் நம் பள்ளியில் படித்தவளாக இருந்தால் நம் எல்லோர்க்கும் பெருமைதானே!